இரண்டாம் தொகுதி பைண்டிங்குக்குப் போயிருக்கிறது

அழுத்தினால் முடிந்தது. திரையில் பச்சைக் கட்டம், அதற்குள் 'சமர்ப்பி' என்று வெள்ளை எழுத்து, அதன் மேல் அம்புக்குறி. மூன்று பத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது, இப்போது மூன்று நாற்பது, இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. கோபிகாவின் ஆள்காட்டி விரல் மௌஸின் மேல் வேர்த்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நகராட்சி அலுவலகத்தின் பிறப்பு இறப்புப் பிரிவில் அவள் ஒப்பந்தத்துக்கு வந்த டைப்பிங் பெண், வந்து ஏழு மாதம் ஆகிறது, வயது பதினெட்டு, படிப்பு பிளஸ் டூவோடு சரி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கம்பியைப் பிடித்தபடி ஒரு அக்கா நிற்கிறாள். பனியன் கம்பெனியில் அரை நாள் சொல்லிவிட்டு வந்தவள், பேர் பேபி. நிஜமாகவே பேர் அதுதான். வீட்டில் பேபி பேபி என்று கூப்பிட்டதைப் பள்ளிக்கூடத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்கள், நாற்பது வயதிலும் பேபி. அவள் மகள் தாரணிக்குப் பதினாலு வயது, நானூறு மீட்டர் ஓடுகிறவள், விளையாட்டு விடுதியில் தேர்வாகிவிட்டாள். பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழை இன்று ஐந்து மணிக்குள் போனிலிருந்து ஏற்றிவிட வேண்டும், ஐந்துக்கு விடுதியின் இணையதளத்தை மூடிவிடுவார்கள். தாரணியின் சான்றிதழில் பெயர் இல்லை. 'பெண்' என்று மட்டும் இருக்கிறது. பிறந்தபோது பெயர் வைத்திருக்கவில்லை, அப்புறம் வைத்த பெயரைச் சேர்க்க யாரும் வரவில்லை, பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான். சேர்க்க வேண்டிய காகிதமெல்லாம் வந்தாயிற்று. பள்ளிக்கூடத்துச் சான்று வந்தது, ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தது, சானிட்டரி இன்ஸ்பெக்டர் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வார்டுக்குக் கிளம்பிவிட்டார். இனி யாரும் எதுவும் தர வேண்டியதில்லை. விரல் இறங்கினால் பிரிண்டர் ஒரு தடவை இருமிவிட்டுத் தாளைத் துப்பும். நாலு நொடி. ஆனால் புக்கில் ஏறவில்லை.

புக் என்றால் பிறப்புப் பதிவேடு, ஒரு முழ நீளத்துக்கு இருக்கும். இரண்டாயிரத்துப் பதினொன்றுக்கு மூன்று தொகுதி, தாரணி இருப்பது இரண்டாம் தொகுதியில். அது முதுகு கிழிந்துபோய் பைண்டிங்குக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. போன இடம் மத்திய சிறை, அங்கே கைதிகள்தான் தைத்து ஒட்டித் தருகிறார்கள், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். பெயர் சேர்ப்பதென்றால் முதலில் புக்கில் சிவப்பு மையில் எழுதி, ஓரத்தில் தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைத்து, அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், இந்தப் பிரிவில் அப்படித்தான் வழக்கம். கம்ப்யூட்டர் புக்கைக் கேட்கவில்லை. புக் என்று ஒன்று இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. காலையில் எழுத்தர் தண்டபாணி சார் பேபி அக்காவிடம், புக் ஜெயில்ல இருக்கும்மா என்றார், அந்த அக்கா ஒரு நிமிடம் முழித்துவிட்டு, அது என்ன சார் பண்ணுச்சு என்று கேட்டாள். வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள், தண்டபாணி சாரும் சிரித்தார், கோபிகாவும் சிரித்தாள். இப்போது அதை நினைத்தால் வாய் கசக்கிறது. சிரித்ததால் பேபி அக்காவுக்கு இங்கே இருப்பவர்கள் நல்லவர்கள் என்று தோன்றியிருக்கும், நல்லவர்கள் என்றால் நடந்துவிடும் என்று தோன்றியிருக்கும், அதனால்தான் போகாமல் நிற்கிறாள். சிடுசிடுவென்று விழுந்திருந்தால் அப்போதே போய் யாராவது கவுன்சிலரைப் பிடித்திருப்பாள்.

நல்லவர்கள்தான், அதுதான் எரிச்சலே. தண்டபாணி சார் கை நீட்டுகிற ஆள் கிடையாது. டீகூட வாங்கிக்கொள்ள மாட்டார். கோபிகா சேர்ந்த முதல் வாரம் இங்கே எல்லோரையும் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தாள், சினேகிதிக்குப் போன் போட்டு, இது ஆபீஸ் இல்லடி, அடைகாக்குற இடம் என்று சொன்னாள். மூலையில் டைப்ரைட்டர் ஒன்று ஸ்டூல்மேல் இருக்கிறது, பிளாஸ்டிக் உறையோடு. கம்ப்யூட்டர் வந்த அன்று மேஜையிலிருந்து அதை இறக்கி ஸ்டூலுக்கு மாற்றினார்களாம், அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் கட்டைக்கு மாறிக்கொண்டாராம். கழித்துவிடலாம் என்று மேலேயிருந்து எழுதி வரவேண்டுமாம், வரவில்லையாம். இங்கே எதையும் எடுக்க மாட்டார்கள். பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்குப் பேர்தான் மாறுவது. கம்ப்யூட்டர் வந்தால் வேலை குறையும் என்று டிவியில் சொன்னதெல்லாம் என்னவாயிற்று, புக்கும் எழுதணும் கம்ப்யூட்டரும் அடிக்கணும், அடித்ததைப் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் பச்சைக் கயிற்றில் கோக்கணும். யாரோ ஒருத்தன் புக்கை எடுத்துப் பரண்மேல் வைத்திருக்க வேண்டும், ஒரே ஒருத்தன், ஒரே ஒரு நாள். விரல் சுருக்கென்று வலித்தது. எடுத்து உதறிவிட்டு மறுபடி வைத்தாள். அதே இடம். இன்னும் அழுத்தவில்லை.

எந்த ஆர்டர்ல சார் இருக்கு, புக்குலதான் மொதல்ல எழுதணும்னு? மூன்று பத்துக்கு அம்புக்குறியை நிறுத்தியதும் அவள் இதைத்தான் கேட்டாள், சத்தமாகவே கேட்டாள், ஏனென்றால் கடந்த மாதமே அரசாணைக் கோப்பு மொத்தத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டாள், அப்படி எதுவும் கிடையாது. தண்டபாணி சாருக்குக் கோபம் வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆர்டர்ல இருந்தா அத ரத்து பண்ணச் சொல்லி எழுதலாம் பாப்பா. இல்லாதத எப்படி ரத்து பண்றது?"

சொல்லிவிட்டு மேலாளர் அறைக்குக் கோப்பு எடுத்துக்கொண்டு போனவர் இன்னும் வரவில்லை. அவர் நாற்காலியில் மஞ்சள் துண்டு மட்டும் மடிந்து கிடக்கிறது. பரமசிவம் கதையை அவர்தான் சொன்னார், வேறு யாருமே அதைச் சொல்ல மாட்டார்கள், பேரைச் சொன்னாலே குரலை இறக்கிக்கொள்வார்கள். பரமசிவம் இதே ஜன்னலில் இருந்தவர். கம்ப்யூட்டர் வந்த புதிதில் ரொம்ப ஆசையாய்க் கற்றுக்கொண்டவர் அவர் ஒருத்தர்தானாம். ஒரு குழந்தைக்குப் பெயரைத் திரையிலேயே ஏற்றிச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டார், புக்கில் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டது விட்டதுதான். இரண்டு வருஷம் கழித்து அந்தக் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று கோர்ட்டில் தாயும் தகப்பனும் மோதிக்கொண்டார்கள், வக்கீல் புக்கை வரவழைத்தார், புக்கில் காலி, காகிதத்தில் பெயர். எது பொய் என்று கேட்டார்கள். எதுவுமே பொய் இல்லை. ஆனால் பரமசிவத்துக்குப் பதினோரு மாதம் சஸ்பெண்ட், அப்புறம் பதினேழு பி. பதினேழு பி என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அது முடியாமல் கிடந்தால் ஓய்வு நாள் வந்தாலும் ஆளை விடமாட்டார்கள், பென்ஷனும் நகராது. அவர் இப்போதும் எப்போதாவது விசாரணைக்கு வருகிறார். கோபிகா ஒரு தடவை பார்த்திருக்கிறாள், வராண்டாவில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், உள்ளே வாங்க சார் என்றதற்கு வரவில்லை. அவர் சஸ்பெண்ட் ஆனதிலிருந்து இந்தப் பிரிவில் புக்தான் முதலில். யாரும் உத்தரவு போடவில்லை. பரமசிவத்தின் செருப்பைப் பார்த்தவர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்டது. தாமதம் பண்ணியதற்காக இந்த ஆபீஸில் இதுவரை ஒருத்தருக்கும் மெமோ வந்ததில்லை. வந்ததெல்லாம் செய்ததற்குத்தான். செய்யாமல் இருந்தால் சம்பளம், செய்தால் விசாரணை. இதைச் சின்னப் பிள்ளைக்குச் சொன்னாலும் புரியும், எதைச் செய்வாய் என்று கேட்டால் பதிலும் சொல்லும்.

ஆனால் அவளுக்கு என்ன பயம், அவளுக்குப் பென்ஷனா இருக்கிறது. தண்டபாணி சாருக்கு இன்னும் பதினாலு மாதம். திரையில் மேலே வலது மூலையில் அவர் பேர்தான் இருக்கிறது, அவருடைய கடவுச்சொல்லைப் போட்டுத்தான் அவள் உள்ளே போகிறாள். அவர் மகள் பிறந்த தேதி அது. கம்ப்யூட்டர் அவருக்கு வராது, அதனால் முதல் நாளே ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார், யார்கிட்டயும் காட்டாத பாப்பா என்று சொல்லி. அழுத்தினால் அழுத்தியது அவர் ஆகிவிடுவார். அந்த மனுஷன் கெட்டவனாக இருந்திருக்கலாம். லஞ்சம் வாங்குகிறவனாக, பேபி அக்காவை மேலும் கீழும் பார்க்கிறவனாக இருந்திருந்தால் இந்நேரம் அழுத்திவிட்டு எழுந்து வீட்டுக்குப் போயிருப்பாள். பொய் சொல்லக்கூடாது, அப்படியும் போயிருக்க மாட்டாள். இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கச் சொல்லி எழுதுகிறவரும் அவர்தான். அம்மா தெரு முழுக்க, எம் பொண்ணு நகராட்சி ஆபீஸ்ல இருக்கா என்று சொல்லி வைத்திருக்கிறாள். சார் பாவம், சார் பாவம் என்று முன்னால் தள்ளிவிட்டு அதற்குப் பின்னால் தான் ஒளிந்துகொண்டிருக்கிறோமோ. இங்கே எல்லோரும் அப்படித்தான் இன்னொருத்தர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள், மேலாளர் ஆணையருக்குப் பின்னால், ஆணையர் தணிக்கைக்குப் பின்னால், கடைசியில் நிற்கிறவனைத் தேடிப் போனால் ஆளே இல்லை, சுவர்தான்.

போன வருஷம் இதே மாதிரி வேறொரு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். நர்ஸிங்குக்கு இடம் கிடைத்திருந்தது, சாதிச் சான்று பழைய அட்டையாக இருக்கிறது, புதிதாக வாங்கி வா என்றார்கள், கடைசி நாள் பத்தாம் தேதி, அந்த அட்டையைச் சரிபார்க்கப் பழைய கோப்பு வேண்டுமாம், கோப்பு அறைச் சாவி வைத்திருந்தவர் பிரசவ விடுப்பில் இருந்தாராம், சான்று பன்னிரண்டாம் தேதி வந்தது. ரொம்ப அழகாக வந்தது, கோபுர முத்திரையோடு. கையில் வாங்கும்போது ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த அம்மா, பாத்து பத்திரமா வெச்சுக்கம்மா என்று சொன்னார். பத்திரமாகத்தான் இருக்கிறது, பீரோவில், புடவைக்கு அடியில். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அவள் நினைத்தது என்னவென்றால், அந்த அம்மாவை எரிக்க வேண்டும் என்றுதான். அப்படித்தான் நினைத்தாள், மறைக்க என்ன இருக்கிறது. நான் மட்டும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்று நினைத்தாள். இப்போது அந்த நாற்காலிதான், குஷன்கூடக் கிழிந்து பஞ்சு வந்த அதே ஜாதி நாற்காலி. ஏழு மாதத்தில் தனக்கு என்னவெல்லாம் ஆகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வருகிறவர்களிடம் ஜெராக்ஸ் இரண்டு கேட்கிறாள். ஒன்று போதும். இன்ஸ்பெக்டர் ஒரு தடவை, இன்னொன்னு எங்கே என்று கேட்டுவிட்டார், அன்றிலிருந்து இரண்டு. அவர் அப்புறம் கேட்கவே இல்லை. அவள் கேட்டுக்கொண்டேயிருக்கிறாள். அவள் போன பிறகு வருகிறவளும் கேட்பாள், இரண்டு எதற்கு என்று தெரியாமலேயே கேட்பாள். யாராவது ஒரு நாள் மூன்று என்று சொன்னால் மூன்று ஆகும். ஒன்று என்று மட்டும் ஆகவே ஆகாது.

"மேடம்," என்றாள் பேபி அக்கா. மணி நாலு பத்து. கோபிகாவுக்கு உடம்பு கூசியது, தன்னைவிட இருபது வயது மூத்தவள். அக்காவே தப்பை உணர்ந்தவள் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, தாரணி போன் பண்ணினாள் என்று சொன்னாள். கிரவுண்டில் இருக்கிறாளாம், கோச் சார் பக்கத்திலேயே நிற்கிறாராம், வந்துடுச்சா வந்துடுச்சா என்று நச்சரிக்கிறாளாம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே என்று கோபிகா கேட்க வாயெடுத்தாள், வாய்க்குள்ளேயே அது சாதிச் சான்று கொடுத்த அந்த அம்மாவின் குரலாக இருந்தது, விழுங்கிவிட்டாள். கேட்காமலேயே பதில் வந்தது. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடுமாம். தாரணிக்கு ஓடுவதைத் தவிர ஒன்றும் வராதாம், கணக்கில் பதினொன்று வாங்கியிருக்கிறாளாம். விடுதியில் முட்டை கொடுப்பார்களாம். இந்த வருஷம் போனால் அவளைக் கம்பெனியில்தான் சேர்க்க வேண்டும், அவங்கப்பா அப்பவே சொல்லிட்டாரு.

"பாப்பா, நீயே பாத்து அழுத்திவுடேன். என்ன, ஒரு பட்டன்தான?" என்றாள் கம்பி இடைவெளியில் முகத்தை வைத்து, ரகசியம் மாதிரி.

ஒரு பட்டன்தான். அந்த அக்காவுக்கே தெரிகிறது. வெளியே நிற்பவர்களுக்கு எல்லாமே தெரிகிறது, உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் தெரியாமல் போகிறது. அழுத்தப்போகிறேன் என்று கோபிகா நினைத்தாள். சார் வருவதற்குள். வந்த பிறகு என்றால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இப்போது. பத்து எண்ணி அழுத்தலாம். ஏழு வரை எண்ணினாள், ஏழில் பரமசிவத்தின் செருப்பு வந்தது, கறுப்பு ரப்பர் செருப்பு, வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்தது, அதை எதற்குக் கையில் பிடித்திருந்தார், யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றா, இல்லை வெளியே விடக்கூட அனுமதி வேண்டும் என்று ஆகிவிட்டதா அவருக்கு, நல்ல வேலைக்காரராம், நிமிடத்துக்கு நாற்பது வார்த்தை அடிப்பாராம். எட்டு என்று எண்ணுவதற்குள் தண்டபாணி சார் உள்ளே வந்துவிட்டார். வந்த வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஏதோ வெளிச்சம் பட்டுவிட்டது அவருக்கு. பாப்பா, நீ கேட்டது சரிதான், மேலாளர்கிட்ட பேசிட்டேன் என்றார். பேபி அக்கா கம்பியிலிருந்து நிமிர்ந்தாள். சார் சொன்னது இதுதான்: புக் பைண்டிங்குக்குப் போனால் ஜனங்கள் அலைகிறார்கள், அதற்கு ஒரு வழி பண்ண வேண்டும், மேலாளரே ஒத்துக்கொண்டார், குறிப்பு எழுதி மேலே வைக்கச் சொல்லிவிட்டார், ஆணையர் சம்மதித்து மண்டல அலுவலகத்துக்கு எழுதினால் இரண்டு மூன்று மாதத்தில் அனுமதி வந்துவிடும். நீயே அடி பாப்பா, உன் யோசனைதானே. அந்த அக்காவின் வேலை என்று அவள் இழுத்தாள். அதுக்குத்தானேம்மா இதெல்லாம் என்றார். அவருக்கு அதில் கொஞ்சமும் நடிப்பு இல்லை.

அவள் அடித்தாள். பச்சைக் கட்டத்தைச் சுருக்கிக் கீழே தள்ளிவிட்டுக் குறிப்பை அடித்தாள். அடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நல்லா வேறு அடித்தாள், அதுதான் கேவலம், வாக்கியம் அமைந்து வந்ததும் ஒரு சந்தோஷம்கூட வந்தது. 'பதிவேடு பைண்டிங்கில் உள்ள காலங்களில் பெயர்ச் சேர்க்கையைத் தற்காலிகப் பதிவேடு ஒன்றில் குறித்துக்கொண்டு கணினியில் ஏற்ற அனுமதி வழங்க வேண்டும்.' தண்டபாணி சார் குனிந்து படித்துவிட்டு, வழங்க வேண்டும் என்பதை எடுக்கச் சொன்னார். வழங்குவது குறித்துப் பரிசீலிக்கலாம் என்று போடணுமாம். வேண்டும்னு போட்டா நாம கேக்குற மாதிரி ஆயிடும் பாப்பா என்றார். தாரணி என்ற பேரை அவள் உதாரணமாகப் போட்டிருந்தாள், அதையும் எடுக்கச் சொன்னார், தனி ஆளுக்காகச் செய்வது மாதிரி இருக்கக்கூடாதாம், 'விண்ணப்பதாரர்கள்' என்று போடச் சொன்னார். எடுத்தாள். போட்டாள். பேர் இன்னொரு தடவை இல்லாமல் போயிற்று. மூன்று பிரதி பிரிண்டரில் வந்தது. பிரிண்டர் சத்தம் கேட்டதும் பேபி அக்கா எட்டிப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்க்காமல் கோபிகா தாளை எடுத்தாள். மணி நாலு முப்பத்தெட்டு. இன்னும் நேரம் இருக்கிறது, பச்சைக் கட்டம் கீழே உயிரோடுதான் இருக்கிறது, சார் கையெழுத்துப் போட்டுக்கொண்டு மேலாளரிடம் போவார், அந்த இடைவெளியில் செய்துவிடலாம். நாலு நொடி.

சார் போகவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு நீளப் பேரேட்டை எடுத்தார், புதிது, உள்ளே காலி. அனுமதி வரும்போது கையில் ரெடியா இருக்கணும்ல என்றார். இனிமேல் இதில் எழுதிக்கொண்டு, அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, பைண்டிங் முடிந்து பெரிய புக் வந்ததும் அதிலும் எழுதி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து இன்ஸ்பெக்டரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான், இனி பிரச்சினையே இல்லை. புக் இரண்டு, கம்ப்யூட்டர் ஒன்று, கையெழுத்து ஒன்று கூட. அட்டையில் அவரே அழகாக எழுதினார், பிறப்பு, பெயர்ச் சேர்க்கை, தற்காலிகம். முப்பத்திமூணு வருஷத்துல எனக்குத் தோணல பாரு என்றார், நீ வந்துதான் பாப்பா இந்த செக்ஷன் மாறுது. அவர் கண் ஓரத்தில் நிஜமாகவே ஈரம் இருந்தது. கட்டம் போட வேண்டும், ஸ்கேலின் அந்த முனையைப் பிடித்துக்கொள் என்றார், அவருக்குக் கை லேசாக நடுங்கும், ஒரு ஆளால் நீளக் கோடு போட முடியாது. இரும்பு ஸ்கேல், சில்லென்று இருந்தது. கோபிகா ஆள்காட்டி விரலை அதன் முனையில் வைத்து அழுத்தினாள். இந்த ஒரு கோடு போட்டதும் எழுந்துவிடலாம். வரிசை எண்ணுக்கு ஒன்று. தேதிக்கு ஒன்று. மணி நாலு ஐம்பத்திரண்டு. இந்தக் கோடு முடிந்ததும். வெளியே போன் அடித்தது, பேபி அக்கா எடுத்து, இரு இரு, எடுத்துட்டாங்க, பெரிய புக்கு ஒண்ணு எடுத்து எழுதிட்டிருக்காங்க, ரெண்டு பேரும் சேர்ந்து எழுதறாங்க, வெச்சுடு, ஓடி முடிச்ச கையோட கத்தாத என்று சொல்வது கேட்டது. குரலில் அவ்வளவு நிம்மதி. அப்புறம் கம்பிக்குள் கையை விட்டு ஜன்னல் கட்டையைத் தட்டி, மெதுவா எழுது பாப்பா, தப்பு வந்துடப்போவுது என்றாள். கோபிகாவின் விரல் அசைந்தது.

"கைய எடுத்துடாத பாப்பா," என்றார் தண்டபாணி சார், பென்சிலை நகர்த்திக்கொண்டே. "கோடு கோணிடும்."

அவள் எடுக்கவில்லை.